பார்க்காத தீவின் பத்தொன்பது அக்கிரமங்கள்

அந்தத் தீவில் கால் வைத்து உயிரோடு திரும்பிய ஒரே ஆள் நான்தான் என்று முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் நம்பிக்கொண்டிருந்தது. நம்பியதற்கு முக்கிய காரணம், நான் அதைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததுதான். சலூனில் பாதி முகத்து நுரையோடு சொல்லியிருக்கிறேன். பல் பிடுங்குகிறவர் வாய்க்குள் கையை விட்டிருந்தபோதும் சொல்லியிருக்கிறேன். அவர் கதையில் மயங்கி நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார். போகப் போக என் பெயரே 'தீவுக்காரர்' என்றாகிவிட்டது.

எங்கள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் தீவுகள் நிலையாக நிற்பதில்லை. குளத்தில் இறங்கிய எருமைகள் மாதிரி இஷ்டத்துக்கு மிதந்து திரியும். அவற்றை ஓரிடத்தில் நிறுத்துவதுதான் நான் வேலை பார்த்த வரைபட அலுவலகத்தின் தொழில். வரைவாளர் படகில் போவார், தீவில் இறங்கி நடந்து அளப்பார், திரும்பி வந்து அலுவலக மையால் தாளில் வரைவார். மை காய்ந்ததும் தீவு ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். இதில் ஒரே வில்லங்கம், அந்த மையில் எதைப் போட்டாலும் கடல் நம்பிவிடும். என் காலத்துக்கு முன்னால் ஒரு குமாஸ்தா தும்மியதில் மூன்று சொட்டு சிந்தி, துறைமுக வாசலில் மூன்று பாறைகள் முளைத்தன. இன்றைக்கும் கப்பல்கள் தும்மல் பாறைகளைச் சுற்றித்தான் உள்ளே வருகின்றன.

ஆகவே அலுவலகத்தில் ஒரே விதி. கால் பட்டதை மட்டும் மையில் போடு. படாத இடத்தை வெள்ளையாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் 'பார்க்கவில்லை' என்று எழுது.

அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. துடுப்புக்கார அண்ணன் என்னைத் தீவுக்குக் கொண்டுபோனார். ஒரே மூடுபனி. பச்சையாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான். "குதி தம்பி, முழங்கால் தண்ணிதான்," என்றார் அண்ணன். நான் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. அடி தெரியவில்லை. "வயிறு சரியில்லண்ணே," என்றேன். அண்ணன் என் வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். படகைத் திருப்பினார்.

வெள்ளைத் தாளோடு திரும்பியவர்கள் எனக்கு முன்னாலும் உண்டு. யாரும் தூக்கில் தொங்கவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் புதுத் தாளை ஒரு நாள் முழுக்கக் கூடத்தில் தொங்கவிடுவார்கள். ஊரே வந்து பார்க்கும். அந்த வாரம் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். கயிற்றுக் கடைக்காரர் மகள். அவர்கள் மாப்பிள்ளையைப் பார்க்க என் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து தாளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். நான் வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பேனாவை மையில் தோய்த்தேன்.

ஒரு சின்னக் காடுதான் போட நினைத்தேன். கை கேட்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் இடம் மாறி நிற்கும் மரங்களைப் போட்டேன். காலைச் சுற்றி இழுக்கும் கொடிகள், குறட்டை விடும் சதுப்பு, மனிதனின் பெயரைத் தின்றுவிட்டு ஏப்பம் விடும் பூக்கள், கொசுக்கள் ஒவ்வொன்றும் கோழி அளவு. மொத்தம் நாற்பது அக்கிரமங்களாவது இருக்கும். (பிற்பாடு எண்ணியதில் பத்தொன்பதுதான் தேறியது.) எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது, நாளைக்கே எவனாவது போய், நான் அங்கே நடக்கவே இல்லை என்று கண்டுபிடித்தால் என் கதி என்ன? அதற்கும் மையிலேயே வழி கண்டேன். கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'சாபம் பிடித்த தீவு. யாரும் இறங்க வேண்டாம்.' நடுவில் ஒரு ஜோடி கால் தடத்தையும் வரைந்தேன். நான் போய் வந்ததற்கு அத்தாட்சி வேண்டாமா?

தாள் தொங்கியது. கயிற்றுக் கடைக்காரர் மகள் அந்தக் கால் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் நிச்சயமானது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலுமி வெளிறிய முகத்தோடு அலுவலகத்துக்கு வந்தார். தீவைக் கடக்கும்போது உள்ளேயிருந்து குறட்டை கேட்டதாகச் சொன்னார். நான் பேனாவைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்தவன் அரை மணி நேரம் நிமிரவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் மறுவாரம் கல்யாணம். அப்புறம் மகள் பிறந்தாள். அவளுக்குச் சோறு ஊட்ட அந்தக் கதைதான் உதவியது. கப்பல்கள் மூன்று நாள் கூடுதலாகச் சுற்றிப் போயின. நல்லவேளையாக யாரும் சாகவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். மகள் வந்தாள். துறைமுகத்தில் பாய் தைக்கும் பட்டறை அவளுடையது. உள்ளங்கையில் மாட்டுகிற தோலுறையைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள். ஊசி அதில் குத்தியபடியே இருந்தது.

"அப்பா, அவரோட கப்பல் உங்க தீவுல மாட்டிக்கிச்சு."

"உங்க தீவு" என்ற சொல் என் நெஞ்சில் தைத்தது. புயலில் திசை தவறிக் கரை ஒதுங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளையும் ஆறு பேரும். அந்தப் பக்கம் போன கப்பல் ஒன்று கொடிச் சைகையைப் படித்து வந்திருக்கிறது: 'ஏழு பேர் உயிரோடு. மரங்கள் நகர்கின்றன. கரைக்குத் திரும்ப வழி கிடைக்கவில்லை. தண்ணீர் இரண்டு நாளுக்கு.'

"மீட்புப் படகு தயாரா நிக்குது. நீங்க வர வேணாம், உங்களுக்கு முட்டி வலி. தப்பிச்ச வழிய மட்டும் சொல்லுங்க, நான் போறேன். பின்பக்கமா நடந்தே வந்தேன்னு சொல்வீங்க. சில நாள் மரத்துக்கு மரம் தாவினேன்னும் சொல்வீங்க. எதுப்பா சரி?"

"ரெண்டும்தாம்மா," என்றேன்.

வாயில் பழக்கம் அப்படி. அவள் தலையை ஆட்டி மனதில் குறித்துக்கொண்டாள். பின்பக்கமாக நடந்து, பிறகு தாவ வேண்டும். என் மகள் அந்தக் காட்டுக்குள் பின்பக்கமாக நடந்து போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. செருப்பை மாட்டினேன். ஒன்று என்னுடையது, மற்றொன்று யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

அலுவலகத்துக்குப் போகிற தெருவில் துடுப்புக்கார அண்ணன் சேர்ந்துகொண்டார். எண்பது வயதிலும் என்னைவிட வேகமாக நடப்பார். மகள் பத்தடி முன்னால் போனாள்.

"சொல்லிடு தம்பி."

"யாரும் இல்லாதப்ப தாளை எடுத்துச் சுரண்டிட்டா என்னண்ணே?"

"முப்பது வருஷம் அந்த ஆபீஸ்ல உக்காந்தே. அது வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அலுவலக மையை அழிக்கக் கத்தி மட்டும் போதாது. வரைந்தவன் சபை நடுவில் நின்று 'பார்க்கவில்லை' என்று வாயால் சொல்ல வேண்டும். அந்தத் தாளால் அடிபட்ட வீட்டிலிருந்து ஒருவர் கத்தியைப் பிடிக்க வேண்டும். சொல்கிறவன் சொல்வது உண்மையாகவும், கத்தி பிடித்தவர் அதை நம்பியும் இருந்தால்தான் மை பெயரும். இல்லாவிட்டால் மலையைக்கூடப் பெயர்க்கலாம், அதைப் பெயர்க்க முடியாது.

"நீங்களும் சொல்லணும்ண்ணே. நாம இறங்கலன்னு."

"சொல்றேன். ஆனா என் பேச்ச எவன் நம்புவான்? உன் கதையில கொசு கோழி அளவுதான் இருந்துச்சு. அத கன்னுக்குட்டி ஆக்கினதே நான்தானே!"

கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். எனக்கு ஐந்தாயிரமாகத் தெரிந்தது. உயரமான ஜன்னல்கள், சாய்வு மேசைகள், பசையும் காகிதமும் கலந்த பழைய வாசனை. தலைமை வரைவாளர் என்னிடம் தொழில் கற்ற பெண்தான். 'அளவுகோல்' என்பார்கள், சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிப்பார். அவர் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அந்த மரியாதைதான் என்னை முதலில் குத்தியது.

"ஐயா, கரையில எங்க படகு ஒதுங்கலாம்னு மட்டும் தொட்டுக் காட்டுங்க."

தாளை மேசையில் விரித்திருந்தார்கள். என் விரல் மேலே போய் அப்படியே நின்றது.

"கத்தி எடுங்கம்மா," என்றேன். "சுரண்டணும். நான் அந்தத் தீவைப் பார்க்கவில்லை."

முதலில் பேசியது மகள்தான். கோபமே இல்லை அவள் குரலில். அதுதான் கொடுமை.

"அப்பா, புரியுது. நான் போகக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க. எனக்காக உங்க பேரை நீங்களே கெடுத்துக்காதீங்க. நான் போய்ட்டு வந்துடுவேன்."

"இல்லம்மா, நெஜமாவே..."

"நெஜந்தான் பாப்பா," என்று அண்ணன் குரல் கொடுத்தார். "நாங்க படகை விட்டு இறங்கவே இல்ல."

"பெரியப்பா, நீங்க சும்மா இருங்க. ரெண்டு பேரும் வழியிலேயே பேசி வச்சுக்கிட்டு வந்தீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

அளவுகோல் அவள் கையில் கத்தியைக் கொடுத்தார். விதிப்படி முயன்று பார்க்கட்டும் என்றார். நான் நகரும் மரத்தைக் காட்டி, "பார்க்கவில்லை," என்றேன். மகள் சுரண்டினாள். கத்தி கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. மை அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றாள், ஜெயித்தவள் போல.

முப்பத்தோரு வருஷம் பொய் சொன்னேன், ஊரே நம்பியது. ஒரே ஒருமுறை உண்மை சொன்னேன், பெற்ற மகள் நம்பவில்லை. நான் பொய்யன் என்பதை இப்போது நானே சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

"அந்த மரம் எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்றேன், கேளு," என்றேன். "அப்ப நான் தங்கியிருந்த ரூம்ல துணி மாட்டற ஸ்டாண்டு ஒண்ணு. ஒரு கால் உடைஞ்சது. ஜன்னலத் திறந்து வச்சா காத்துல நகர்ந்துக்கிட்டே போகும். ஒரு நாள் கதவுக்கு முன்னால நிக்குது, நான் ஆள்னு நெனச்சு மன்னிப்பே கேட்டுட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகள் என்னையே பார்த்தாள். கத்தியை வைத்தாள். ஒரு மரம் உரிந்து சுருண்டு வந்தது, காய்ந்த தோல் மாதிரி.

அவள் முகத்திலிருந்து என்னவோ இறங்கியது. நான் அதைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போனேன்.

"குறட்டை விடற சதுப்பு, அப்போதைய தலைமை வரைவாளர். சாப்பாட்டுக்கப்புறம் மேசைமேலேயே தூங்குவாரு. மை புட்டியெல்லாம் அதிரும்."

கூடம் சிரித்தது. பழைய ஆட்கள் தொடையில் தட்டிக்கொண்டார்கள். சதுப்பு பெயர்ந்தது.

"பேரைத் தின்ற பூ, உங்க தாத்தா. கயித்துக் கடையில அவர் முன்னால போய் நின்னேன். பேர் என்னப்பான்னு கேட்டாரு. மறந்துபோச்சு! கடைப் பலகையப் பாத்து அவரோட பேரையே சொல்லிட்டேன்."

சிரிப்பு ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டிய வேலை ஒன்றைச் செய்தேன். என் மாப்பிள்ளை மிச்சத் தண்ணீரோடு அங்கே நிற்கிறார். எனக்கோ சிரிப்புச் சத்தம் கேட்டதும் குஷி பிறந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"காலை இழுக்கற கொடி இருக்கே, அது அதே கடையில நடந்தது. கயித்துல கால் மாட்டி விழுந்தேன். விழுந்த வேகத்துல நாப்பது கண்டு கயிறு உருண்டு, மார்க்கெட்டையே ஒரு சுத்து சுத்தி..."

கத்தி நின்றது. மை அசையவில்லை.

"அப்பா," என்றாள் மகள். மெதுவாக, மற்றவர்கள் காதில் விழாதபடி. "இப்பவுமா?"

உடம்பில் ஓடிய ரத்தம் மொத்தமும் காதுக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையை இடுப்பிலிருந்து எடுத்தேன்.

"ஒரு கண்டுதான்," என்றேன். "ஒண்ணுதான் உருண்டுச்சு. வாசல் வரைக்கும்."

கொடி பெயர்ந்தது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிக்கும்படி சொல்லவும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மை சுருள்கள் மேசையில் குவிந்தன. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ போகும்போது மகள் கேட்டாள்.

"கொடி இழுத்த தழும்புன்னு கணுக்கால்ல காட்டுவீங்களே, அது? நான் அதைத் தொட்டுக்கிட்டுத்தானே தூங்குவேன்."

"கதவு இடுக்குல மாட்டினது."

"எந்தக் கதவு?"

"நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கத்தி தொடர்ந்தது. பதினெட்டு முடிந்தது. கொட்டை எழுத்துச் சாபமும் போனது. அத்தனை பெரிய தாளில் கால் தடம் மட்டும் ஒரு ஜோடி மிச்சமிருந்தது.

"இது?" என்றாள்.

"பார்க்கவில்லை. இறங்கவில்லை. முழங்கால் தண்ணிம்மா. அதுக்கே பயந்துட்டேன். படகுல குனிஞ்சு உக்காந்துட்டேன்."

அவள் சுரண்டவில்லை. கத்தியை அந்தத் தடத்தின்மேல் வைத்தபடி கேட்டாள்: "அம்மாவுக்குத் தெரியுமா?"

அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்களிடம்கூட, "இவரு யாருன்னு நெனச்சீங்க, அந்தத் தீவுலேயே நடந்தவரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

"தெரியும்," என்றேன்.

மகள் சுரண்டினாள். கத்தி வழுக்கியது. கூடம் முழுக்க அந்தக் கிறீச் சத்தம் கேட்டது. அவள் கத்தியை எடுக்கவில்லை. காத்திருந்தாள். அளவுகோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துடுப்புக்கார அண்ணன் தரையைப் பார்த்தார்.

"தெரியாது," என்றேன். "கடைசி வரைக்கும் தெரியாது. சொல்லணும்னு ரெண்டு தடவ வாயெடுத்தேன். சொல்லல."

கால் தடம் இரண்டும் ஒரே இழுப்பில் வந்துவிட்டன. அவள் அதை ஊதிவிட்டாள். கத்தியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, என்னைத் தாண்டி வெளியே போனாள். மீட்புப் படகில் முதல் ஆளாக அவள்தான் ஏறினாள். இப்போது தடுக்க எனக்கு வாயும் இல்லை, காரணமும் இல்லை.

படகு மறுநாள் மதியம் திரும்பியது. காடு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லையாம். ஒரு மணல் திட்டு, ஆட்டுக்குக்கூடப் போதாத பத்துப் பதினைந்து புதர்கள். அதன் நடுவில் ஏழு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, இல்லாத காட்டைப் பார்த்து அரிவாளை ஓங்கிக்கொண்டிருந்தார்களாம். கப்பல் கல்லெறி தூரத்தில் நின்றிருக்கிறது.

துறைமுகத்தில் நல்ல கூட்டம். கூடத்தில் இருந்த ஐம்பது பேரும் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு கை அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மாப்பிள்ளை இறங்கினார். உதடெல்லாம் வெடித்திருந்தது. மகள் அவர் கையை விடவில்லை. அவர் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தார். கண்டதும் ஓடி வந்து, உப்பும் வியர்வையுமாக என்னைக் கட்டிக்கொண்டார்.

"மாமா! படகு வந்தாலும் அந்தக் காடு விடாதுன்னு பசங்க அழுதுட்டானுங்க. நான் சொன்னேன், எங்க மாமா ஒருத்தர் இதுலேருந்து நடந்து வந்திருக்காரு, நமக்கு என்னடான்னு. அத சொல்லிச் சொல்லித்தான் மாமா மூணு நாள் நின்னோம்."

அவர் தோளுக்கு மேலே மகளைப் பார்த்தேன். படகில் வரும்போது அவள் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்காக மறைத்தாள் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன். அப்படியில்லை. அவள் கண் என்மேல் இருந்தது, கத்தியை வைத்துக்கொண்டு காத்திருந்த அதே கண்.

கூட்டம் என்னையே பார்த்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. சிரித்தபடி நின்றார்.

அங்கே கிடந்த கயிற்றுக் குவியலைக் காட்டினேன். "உக்காருங்க மாப்பிள்ளை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"தீவுக் கதையா மாமா?" என்று ஆசையாக உட்கார்ந்தார். "இப்ப கேட்டா இன்னும் நல்லா இருக்கும். பெரிய கதைதானே?"

"இல்ல," என்றேன். "ரொம்பச் சின்னது."